எம்.ஜி.ஆரின் கடைசி மூன்று ஆண்டுகள்: பேச்சைப் பறித்த பக்கவாதமும் அதற்கு முன்பே வந்த நோயும்

எம்.ஜி.ஆரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நம் வாப்பாமார்களுக்கு அவர் எம்.ஜி.ஆர்., நம் உம்மம்மாக்களுக்கு அவர் அலிபாபா. 1955ல் குலேபகாவலி, 1956ல் அலிபாபாவும் 40 திருடர்களும், 1960ல் பாக்தாத் திருடன், பிறகு 1974ல் சிரித்து வாழ வேண்டும் படத்தில் அப்துல் ரஹ்மான் என்று நம் வீட்டுப் பெயர்களோடு திரையில் வந்துபோனவர். படங்களைப் பற்றியும் கட்சியைப் பற்றியும் நிறைய எழுதிவிட்டார்கள். அவருடைய உடம்பு பட்ட பாட்டை, குறிப்பாக 1984க்குப் பிறகு அவர் கழித்த மூன்று ஆண்டுகளை, ஒரு குடும்பத்து நோயாளியின் கதையாக யாரும் அதிகம் பேசுவதில்லை. சுகர், பிரஷர், ஃபேட்டி லிவர் என்று ஆளுக்கொரு ரிப்போர்ட்டை பீரோவில் வைத்திருக்கும் நம் குடும்பங்கள் அந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

மருதூர் கோபாலன் ராமச்சந்திரன் 1917 ஜனவரி 17ஆம் தேதி இலங்கையில், கண்டிக்கு அருகிலுள்ள நாவலப்பிட்டியில் பிறந்தார். சிறு பிள்ளையாக இருக்கும்போதே தந்தை இறந்துபோனார். தாய் சத்தியபாமா இரண்டு ஆண்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கும்பகோணம் வந்து சேர்ந்தார். அண்ணன் சக்கரபாணி, தம்பி ராமச்சந்திரன். சாப்பாட்டுக்கே வழியில்லாத வீடு. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. பிள்ளைகள் நாடகக் கம்பெனிக்குப் போனார்கள். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி அவர்களுக்குச் சோறும் போட்டது, உடற்பயிற்சி, வாள்வீச்சு, வசன உச்சரிப்பு எல்லாவற்றையும் கற்றும் கொடுத்தது. 1936ல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய சதி லீலாவதியில் சின்ன வேடம். கதாநாயகனாக அறியப்பட 1947ல் ராஜகுமாரி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதாவது பதினோரு ஆண்டுகள்.

இந்தப் பதினோரு ஆண்டுகளில் அவர் விடாமல் காப்பாற்றி வந்தது உடம்பை. மது கிடையாது, புகை கிடையாது, தினமும் உடற்பயிற்சி உண்டு என்பதுதான் அவரைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த செய்தி. திரையிலும் குடிக்கிற ஆளாக நடிப்பதைத் தவிர்த்தார். 1959ல் சீர்காழியில் நாடக மேடையில் கால் முறிந்தது. தேறி வந்து மறுபடியும் சண்டைக் காட்சிகளில் நடித்தார்.

1967 ஜனவரி 12ஆம் தேதி ராமாவரம் தோட்டத்து வீட்டில் நடிகர் எம்.ஆர். ராதா அவரைத் துப்பாக்கியால் சுட்டார். குண்டு கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் பழைய குரல் போய்விட்டது. ஒரு நடிகனுக்கும் மேடைப் பேச்சாளனுக்கும் குரல் போவதென்றால் தொழிலே போவது மாதிரி. வேறு ஒருவர் குரலை வைத்து டப்பிங் செய்யலாம் என்ற யோசனை வந்தபோது அவர் அதற்கு இணங்கவில்லை. பயிற்சி செய்து, உடைந்த குரலிலேயே அதே ஆண்டில் வெளிவந்த காவல்காரன் படத்தில் பேசினார். ஜனங்கள் அந்தக் குரலையும் ஏற்றுக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்ததும் அந்த ஆண்டுதான். பேசக் கற்றுக்கொள்வது அவருக்கு இப்படி ஒரு முறை நடந்தது. பதினேழு ஆண்டுகள் கழித்து இன்னொரு முறை நடக்க வேண்டி வந்தது.

அரசியல் பகுதியை வேகமாகக் கடந்துவிடுவோம். 1972 அக்டோபரில் தனிக்கட்சி, 1977 ஜூன் 30ல் முதலமைச்சர், 1980ல் ஆட்சிக் கலைப்பு, அதே ஆண்டில் மீண்டும் வெற்றி. 1982 ஜூலை 1ஆம் தேதி திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். கும்பகோணத்தில் பசித்திருந்த பிள்ளை அறுபத்தைந்து வயதில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார். அவர் செய்ததிலேயே நிலைத்து நிற்கப்போவது இதுதான் என்பது என் கருத்து. அரசியலில் அவரோடு உடன்படாதவர்கள்கூட இதை மறுக்க மாட்டார்கள்.

இதற்கிடையில் அவர் உடம்பில் சர்க்கரை நோய் சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது. பார்த்தால் ஆரோக்கியமான மனிதர். சிவந்த மேனி, நிமிர்ந்த நடை, கட்டான தோள். வெளியே இப்படி இருக்கும்போது உள்ளே சிறுநீரகத்தின் வடிகட்டிகள் ஒவ்வொன்றாகப் பழுதாகிக்கொண்டிருந்தன. 1984 அக்டோபர் 5ஆம் தேதி, அப்போதுதான் திறந்து ஓராண்டு ஆகியிருந்த சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் அவரைச் சேர்த்தார்கள். கட்டுப்படாத நீரிழிவால் சிறுநீரகம் செயலிழந்திருந்தது. அதைத் தொடர்ந்து சில நாட்களுக்குள் லேசான மாரடைப்பு, பிறகு பெரிய பக்கவாதம். கை கால் தளர்ந்தது, பேச்சு நின்றது. பிரதமர் இந்திரா காந்தி வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்த மாதம் முடிவதற்குள் அவரே சுட்டுக் கொல்லப்பட்டார்.

சிறுநீரகம், இதயம், மூளை என்று மூன்று உறுப்புகள் ஒரே மாதத்தில் அடிவாங்கியதைப் பார்த்து, கண் பட்டுவிட்டது என்று அன்று பலர் பேசிக்கொண்டார்கள். மருத்துவர்கள் இதை மூன்று நோயாகப் பார்ப்பதில்லை. வேர் ஒன்று. உடம்பில் இன்சுலின் இருந்தும் அது சொல்வதைச் செல்கள் கேட்காமல் போகும் நிலைதான் அந்த வேர். இந்த நிலை முதலில் கை வைக்கிற உறுப்பு பெரும்பாலும் கல்லீரல்.

இங்கேதான் நம் வீட்டு ரிப்போர்ட் வருகிறது. வயிற்று ஸ்கேன் எடுத்தால் ஃபேட்டி லிவர் கிரேடு ஒன்று, கிரேடு இரண்டு என்று எழுதித் தருகிறார்கள். நம் ஆட்களில் பலருக்கு அதைப் பார்த்ததும் முதலில் வருவது கோபம். நான் குடிப்பவனா, என் ஈரலில் ஏன் கொழுப்பு என்று கேட்பார்கள். சிலர் வெட்கப்பட்டுக்கொண்டு ரிப்போர்ட்டை வீட்டில் காட்டுவதே இல்லை. 1980ல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் லுட்விக் என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் இதே கேள்விக்குத்தான் பதில் எழுதினார்கள். மது தொடாதவர்களின் ஈரலிலும் குடிகாரர்களின் ஈரலில் இருப்பது போன்ற கொழுப்பும் வீக்கமும் இருப்பதைக் கண்டு அதற்குத் தனிப்பெயர் வைத்தார்கள். 2023ல் அந்தப் பெயரையும் மாற்றி, உடலின் வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்ந்த ஈரல் கொழுப்பு என்ற பொருள் வருமாறு வைத்திருக்கிறார்கள். எம்.ஜி.ஆர். மது தொடாதவர், அவருக்கு நீரிழிவு வந்தது. ஈரல் கொழுப்பு என்பது அந்த நீரிழிவின் உடன்பிறப்பு. குடிக்காததால் வராது என்பது இரண்டுக்குமே பொருந்தாது. நெய்ச்சோறும் பிரியாணியும் சர்பத்தும் வாரம் இரண்டு வலீமா விருந்தும், சாப்பிட்டபின் அசையாத உடம்பும் இருந்தாலே போதுமானது.

ஈரலுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்? இரத்தத்தில் ஓடும் கொழுப்பை உருவாக்கி அனுப்புவதும், இரத்தம் உறைய வேண்டிய புரதங்களைச் செய்வதும், ராத்திரி நாம் தூங்கும்போது சர்க்கரையை அளந்து விடுவதும் ஈரல்தான். கொழுப்பு அடைத்த ஈரல் இந்தக் கணக்கில் எல்லாம் தவறும். காலையில் வெறும் வயிற்றிலேயே சர்க்கரை ஏறி நிற்கும், இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு கூடும், இரத்தக் குழாயின் உட்சுவர் தடிக்கும். ஃபேட்டி லிவர் உள்ளவர்களில் ஈரல் கெட்டு இறப்பவர்களைவிட மாரடைப்பு, பக்கவாதம் போன்ற இரத்தக்குழாய் நோய்களால் இறப்பவர்களே அதிகம் என்பது பல நாடுகளில் பார்த்து உறுதிசெய்த விஷயம். பக்கவாதம் வந்தபின் தேறுவதை ஈரல் கொழுப்பு எவ்வளவு தடுக்கிறது என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. வெறும் கொழுப்பு மட்டும் இருந்தவர்களில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றும் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ஈரல் தழும்பேறும் அளவுக்குப் போனவர்கள் பக்கவாதத்திலிருந்து தேறுவது கடினமாகிறது என்பதை அதிகமான ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே கிரேடு எத்தனை என்று கவலைப்படுவதைவிட, தழும்பு இருக்கிறதா என்று கேட்பது புத்திசாலித்தனம். வயது, இரண்டு ஈரல் என்சைம்கள், பிளேட்லெட் எண்ணிக்கை ஆகிய நான்கையும் வைத்து மருத்துவர் ஒரு கணக்குப் போட்டே முதல்கட்டமாகச் சொல்லிவிடுவார்.

எம்.ஜி.ஆர். கதைக்குத் திரும்புவோம். 1984ல் மூளைக் குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசி பக்கவாதத்துக்குப் பயன்பாட்டில் இல்லை. அமெரிக்காவிலேயே அதற்கு 1996ல்தான் அனுமதி கிடைத்தது. முதலமைச்சராகவே இருந்தாலும் அன்று அவருக்குக் கொடுக்க முடிந்தது கவனிப்பும் டயாலிசிஸும்தான். நவம்பர் தொடக்கத்தில் சிறப்பு விமானத்தில் நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டவுன்ஸ்டேட் மருத்துவ மையத்தில் டாக்டர் எலி ஃபிரீட்மன் பொறுப்பேற்றார். நீரிழிவால் கெட்டுப்போகும் சிறுநீரகத்தைப் பற்றியே ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர் அவர். டிசம்பரில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். கொடுத்தவர் அண்ணன் சக்கரபாணியின் மகள் லீலாவதி.   ஒரு பெண் தன் சிற்றப்பாவுக்கு இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிட்டு அமைதியாக இருந்திருக்கிறார்.

அதே டிசம்பர் 24ல் தேர்தல். வேட்பாளர் புரூக்ளினில் படுக்கையில் இருக்கிறார், தொகுதி ஆண்டிபட்டி. உயிரோடு இருக்கிறாரா என்றே ஊரில் சந்தேகம். ஆஸ்பத்திரியில் அவர் உட்கார்ந்திருப்பதையும் சாப்பிடுவதையும் படமெடுத்து ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். ஜெயித்தார். 1985 பிப்ரவரி 4ஆம் தேதி சென்னைக்குத் திரும்பினார். பரங்கிமலை மைதானத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் காத்திருந்தார்கள். மேடை ஏறினால் மணிக்கணக்கில் பேசக்கூடியவர், அன்று கைகூப்பியதுதான் அதிகம். பிப்ரவரி 10ல் மூன்றாவது முறையாக முதலமைச்சராகப் பதவியேற்றார்.

அதன் பிறகு நடந்தது மருந்தும் பயிற்சியுமான நீண்ட போராட்டம். குண்டடிபட்டபோது கெட்டது தொண்டை. மூளை சொன்ன வார்த்தை தொண்டையில் சிதைந்தது. பக்கவாதத்தில் கெட்டது வார்த்தையை உருவாக்கி நாக்குக்கு அனுப்பும் மூளைப் பகுதி. பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்று போலத் தெரியும். படுபவருக்கு இரண்டாவது பல மடங்கு வேதனை, ஏனென்றால் எதிரில் இருப்பவர் சொல்வது புரியும், பதிலும் மனதில் இருக்கும், வாய் மட்டும் வராது. நம் வீடுகளில் இப்படிப் படுத்திருக்கும் நன்னாவைச் சுற்றி நின்றுகொண்டு, அவருக்குக் காது கேட்காது என்பதுபோல் சொத்துப் பேச்சு பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். செய்யக்கூடாத காரியம்.

பேச்சுப் பயிற்சி, நடைப் பயிற்சி எல்லாம் எம்.ஜி.ஆருக்கு நடந்தது. ஓரளவு தேறினார். அமைச்சரவையை நடத்தினார், நிகழ்ச்சிகளுக்குப் போனார். பேச்சு கடைசிவரை முழுதாகத் தெளியவில்லை. பக்கவாதத்துக்குப் பின் முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில்தான் மூளை வேகமாகத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் என்பார்கள். அந்த மாதங்களில் பெரும்பகுதியை அவர் சிறுநீரகத்துக்காக ஆஸ்பத்திரிப் படுக்கையில் கழிக்க வேண்டியிருந்தது. வேரில் இருந்த நோய் அவருடைய தேறுதலுக்கும் குறுக்கே நின்றது என்று நான் சொல்வது இதனால்தான். சாதாரணக் குடும்பத்தில் நடப்பது இதைவிட மோசம். கை கால் அசையாமல் படுத்தால் தசை கரையும். சாப்பிட்ட சர்க்கரையை அதிகம் வாங்கிக்கொள்வது தசைதான். தசை கரைந்தால் அந்தச் சர்க்கரை கொழுப்பாக மாறி ஈரலுக்குப் போகும். ஈரல் கெட்டால் சர்க்கரை இன்னும் ஏறும், ஏறிய சர்க்கரை அடிபட்ட மூளை தேறுவதைத் தாமதப்படுத்தும். நோயாளி இளைத்துவிட்டார் என்று பாசத்தோடு ஹல்வாவும் ஹார்லிக்ஸும் கரைத்துக் கொடுப்பது இந்தச் சக்கரத்தை இன்னும் வேகமாகச் சுற்றிவிடும். பருப்பு, முட்டை, மீன், காய்கறி கொடுங்கள். நாள் தவறாமல் பிசியோதெரபி செய்ய வையுங்கள்.

இன்னொன்று. பக்கவாதம் வந்தவுடன் வாயில் தண்ணீரோ ஜம்ஜமோ சூப்போ ஊற்றாதீர்கள். விழுங்கும் தசை செயலிழந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். விழுங்க முடிகிறதா என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு கொடுங்கள்.

சூப் என்றதும் கொல்லிமலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எம்.ஜி.ஆர். காலத்தில் சேலம் மாவட்டத்திலும் இப்போது நாமக்கல் மாவட்டத்திலும் இருக்கும் இந்த மலைக்கு, எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிறவர்கள் ஆகாயகங்கை அருவியைப் பார்த்துவிட்டு முடவாட்டுக்கால் சூப் குடிக்காமல் இறங்குவதில்லை. பாறையில் ஒட்டி வளரும், ரோமம் மூடிய கிழங்கு அது. முடவனையும் ஆட வைக்கும் என்று பெயரையே விளக்கம் ஆக்கிச் சொல்வார்கள். மிளகு போட்டுக் கொதிக்க வைத்தால் குளிருக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பக்கவாதத்தில் விழுந்த வாப்பாவுக்காக அந்தக் கிழங்கை மூட்டை கட்டி வந்து, மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மூளையில் அடைத்த இரத்தக்கட்டியை அந்தச் சூப் கரைக்கும் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. கொல்லிமலை மூலிகை என்று சொல்லிப் பஸ் நிலையங்களில் விற்கும் ஈரல் பொடிகளில் என்ன கலந்திருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. மூலிகைப் பொடியால் ஈரல் கெட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் புதிதல்ல.

அந்த மலை நமக்குக் கொடுக்கக்கூடிய நல்ல மருந்து அங்கே வயலில் இருக்கிறது. சாமை, தினை, கேழ்வரகு. மலையாளி என்று அழைக்கப்படும் அந்த மலைவாழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக அதைத்தான் சாப்பிட்டார்கள். ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி வந்தது, ரேஷன் அரிசி வந்தது, சிறுதானிய நிலம் சுருங்கியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாக அங்கே இருந்து அந்த விதைகளைக் காப்பாற்றப் பாடுபட்டிருக்கிறது. சாமைச் சோறு ஈரல் கொழுப்பைக் கரைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வெள்ளை அரிசியின் அளவைக் குறைத்து, உடல் எடையில் நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை இறக்கினால் ஈரல் கொழுப்பும் வீக்கமும் நன்றாகக் குறையும் என்பது உறுதியான விஷயம். எண்பது கிலோ ஆளுக்கு ஆறு முதல் எட்டு கிலோ. முடியாத கணக்கல்ல.

மாத்திரை விஷயத்திலும் நம்மிடம் ஒரு தவறான பயம் இருக்கிறது. பக்கவாதம் வந்தவர்களுக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை கொடுக்கிறார்கள். ஈரல் கெட்டுவிடும் என்று பயந்து, ஃபேட்டி லிவர் இருப்பவர்கள் அதைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். ஃபேட்டி லிவர் அந்த மாத்திரையை நிறுத்தக் காரணமே அல்ல. நிறுத்துவதுதான் அடுத்த பக்கவாதத்துக்கு வழி. ரமலானிலும் இதே கதை. நோயாளிக்கு மார்க்கம் சலுகை கொடுத்திருக்கும்போது, மாத்திரையை விட்டுவிட்டு நோன்பு பிடிப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கும் பெரியவர்களை மருத்துவரிடமும் ஆலிமிடமும் சேர்த்து அழைத்துப்போய் உட்கார வையுங்கள்.

இன்று நமக்கு இருப்பதும் எம்.ஜி.ஆருக்கு இல்லாமல் போனதும் நேரம்தான். முகம் கோணினால், கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சு குழறினால் உடனே 108க்கு அழைக்க வேண்டும். நாலரை மணி நேரத்துக்குள் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போனால் கட்டியைக் கரைக்கும் ஊசி போட வாய்ப்பு உண்டு. எழுபது வளைவு இறங்கி வரவேண்டிய கொல்லிமலை ஆளுக்கு அந்த நாலரை மணி எவ்வளவு சின்னது என்று யோசித்துப் பாருங்கள். நகரத்தில் பத்து நிமிடத் தூரத்தில் ஆஸ்பத்திரி இருந்தும், விடிந்ததும் போகலாம் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருப்பவர்களை என்ன சொல்வது? வீட்டுக்கே வந்து சுகர், பிரஷர் மாத்திரை கொடுத்து, பிசியோதெரபியும் செய்துவிட்டுப் போகும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து தமிழ்நாட்டில் நடக்கிறது. உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

எம்.ஜி.ஆர். 1987ல் மீண்டும் அமெரிக்கா போய் சிகிச்சை எடுத்துத் திரும்பினார். அந்த டிசம்பரில் சென்னையில் ராஜீவ் காந்தி கலந்துகொண்ட நேரு சிலைத் திறப்பு விழாவுக்குப் போனதுதான் அவருடைய கடைசிப் பொது நிகழ்ச்சி. சில நாட்களில், டிசம்பர் 24 அதிகாலையில், ராமாவரம் தோட்டத்தில் இறந்தார். வயது எழுபது. மறு ஆண்டு பாரத ரத்னா விருது அறிவிக்கப்பட்டது.

அதே 1987ன் தொடக்கத்தில் அவர் உயில் எழுதி வைத்திருந்தார். தன் வீடும் தோட்டமும் இருந்த ராமாவரம் இடத்தில் காது கேளாத, வாய் பேச முடியாத பிள்ளைகளுக்கு இல்லமும் பள்ளியும் நடத்த அதில் ஏற்பாடு செய்திருந்தார். அந்தப் பள்ளி இப்போதும் அங்கே நடக்கிறது.